மீசையில்லாத சைலன்சர் கடை

முதல் கடைக்காரருக்கு மீசை. சாதாரண மீசை என்றால் பரவாயில்லை, மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டிலும் பாதியை மறைத்துக்கொண்டு குளத்துக்கரைக் கோரை மாதிரி தொங்குகிற மீசை. அதற்குள்ளிருந்து வருகிற பேச்சை எவன் பிடிப்பது என்று சிகாமணி வண்டியை நிறுத்தாமலே அடுத்த கடைக்கு உருட்டினான். இரண்டாவது கடைக்காரருக்கு மீசை இல்லை, ஆனால் புகையிலையை அதக்கிக்கொண்டு உதட்டைத் திறக்காமல் மூக்காலேயே வியாபாரம் செய்கிற ஆள். மூன்றாவதுதான் ஜக்கரியா பாய் கடை. தாடி நெஞ்சு வரைக்கும் இருந்தாலும் மேலுதடு பளிச்சென்று மழித்திருந்தது. கீழுதடு தடித்து, சொல்லுக்குச் சொல் நன்றாகப் பிரிந்து நன்றாகக் கூடியது. படிப்பதற்கென்றே பெரிய எழுத்தில் அச்சடித்த மாதிரி ஒரு வாய். உக்கடத்துச் சைலன்சர் கடைகளுக்கு வருகிறவர்கள் தகரத்தின் கனத்தைப் பார்ப்பார்கள், வெல்டிங்கின் நேர்த்தியைப் பார்ப்பார்கள், இன்னொருத்தன் சொன்னான் என்று வருவார்கள். உதட்டைப் பார்த்துக் கடை பிடிக்கிறவன் இந்த ஊரில் தான் ஒருத்தனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அந்த நினைப்பிலேயே எரிச்சல் வந்து, இறங்கி வேன் கதவை அறைந்து சாத்தினான். அறைந்த சத்தம் எங்கோ பக்கத்து வீட்டில் தலையணை விழுந்த மாதிரி கேட்டது. காலை எட்டரை மணி. நைட் ஷிப்ட் முடித்து ஐந்து பேரை ஐந்து இடத்தில் இறக்கிவிட்டு, கடை திறக்கிற நேரம் வரைக்கும் வண்டியிலேயே காத்திருந்து வந்திருக்கிறான். கண்ணுக்குள் மணல். முன்கையில் இன்னும் பஞ்சுத் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு சீட்டு. மேல் வீட்டு சங்கரலிங்கம், தபாலாபீசில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், வைப்பரில் செருகி வைத்திருந்தார். அன்புடையீர், தங்கள் வாகனம் தினந்தோறும் காலை ஆறரை மணிக்கு எழுப்பும் பேரொலியால் என் இல்லத்துக் கண்ணாடி அலமாரி அதிர்கிறது, ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பேரொலி. எந்தப் பேரொலி? வசந்தாமணியிடம் சீட்டைக் காட்டி, இந்த ஆளுக்கு வேற வேலையில்ல, எங்க சத்தம் வருதுன்னு எழுதியிருக்கான் பாரு என்றபோது அவள் தோசைக் கரண்டியைக் கையில் வைத்தபடி அவனையே பார்த்தாள். "ஏனுங்க, உங்களுக்கு நெசமாவே கேக்கலீங்களா? ரெண்டு மாசமா வண்டி தெருமுக்குத் திரும்பும்போதே ஊரே எந்திரிச்சுக்குது." அந்தப் பார்வை. கரண்டியிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை, அவனைத்தான் கவனித்தாள். கேக்காம என்ன, கேக்குது, மாத்தறதுக்கு நேரமில்லாமத்தான் விட்டு வெச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டான். நல்ல வேளையாக வாய் அதுவாகவே சொல்லிவிட்டது. ஐந்து வருஷமாக அந்த வாய் அதுவாகவே சொல்லிப் பழகியிருக்கிறது: சிக்னல் இல்லை என்று போனை அவள் கையில் கொடுத்துவிடும், டி.வி. சலித்துப் போச்சு என்று எழுந்துவிடும், தூக்கக் கலக்கம் என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும். ஆனால் இந்த சைலன்சர் விஷயத்தில் வாயை வைத்து எதுவும் செய்ய முடியாது. இன்றைக்கு மாட்டிக்கொண்டு போகிறது சத்தமில்லாததாக இருக்க வேண்டும். புதுசு போட்டேன் என்று பெருமையாகப் போய் நிற்கும்போது வண்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தால், அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் விடமாட்டாள், காது டாக்டரிடம் இழுத்துப் போவாள், டாக்டர் மிஷின் எழுதுவான், காதுக்குப் பின்னால் கொட்டைப்பாக்கு மாதிரி அது உட்கார்ந்திருக்கும், மில்லில் எல்லோரும் பார்ப்பார்கள். நூல் சுற்றுகிற ஸ்பிண்டில் கத்துவதைக் கேட்கத் தெரியாதவன் எதற்கு மேஸ்திரி என்று கழிவுப்பஞ்சு குடோனில் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்பிண்டில் கத்துவதை விரல் நுனியால் தெரிந்துகொள்கிற வித்தை அவனுக்கு இருக்கிறது, அதை எந்த மேனேஜருக்குப் புரிய வைப்பது?

"சொல்லுங்ணா, என்ன பண்ணோணும்?" என்றது பாயின் உதடு. என்ன பண்ணோணும் என்று தெரிந்தால் இங்கே ஏன் வருகிறான். இல்லை, தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எதையும் அடுத்தவன் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை. நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமின் கியர்ப் பெட்டியைப் படத்தை மட்டும் பார்த்துக் கழற்றிப் பூட்டக் கற்றவன், நாலு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் போனில் சைலன்சர் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறான். வெள்ளைக்காரர்கள் வண்டிக்குப் பின்னால் மைக்கை வைத்துக்கொண்டு இது எப்படி, அது எப்படி என்று போட்டுக் காட்டி வியக்கிறார்கள். அவனுக்கு எல்லாமே அடுத்த ஊரில் உருளும் இடி. ஆனாலும் படம் புரிந்தது. இன்ஜினிலிருந்து வருகிற பைப், நடுவில் பெட்டி, பெட்டிக்குள் ஓட்டை ஓட்டையாகக் குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. சத்தம் பஞ்சுக்குள் புகுந்து அலைந்து களைத்து வெறும் காற்றாக வெளியே வருகிறது. பஞ்சுக்குள் புகுந்தால் அப்படித்தான், முப்பது வருஷம் புகுந்தவனுக்குத் தெரியாதா. பாய் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஒன்று, கம்பெனிப் பெட்டி. பதினாறு வருஷத்து வண்டிக்கு அதை வரவழைக்க வேண்டும், பத்து நாள் ஆகலாம், வராமலும் போகலாம். இரண்டு, லோக்கல் பெட்டி, கையிருப்பில் இருக்கிறது. மூன்று, பெட்டியே இல்லாமல் நேர்க்குழாய், வண்டி நன்றாக இழுக்கும். நான்கு, முன்னால் சின்னது பின்னால் பெரியது என்று இரட்டைப் பெட்டி, இடமிருந்தால். அப்புறம் பைப் போகிற வழி. பழைய வழியிலேயே பின் ஆக்ஸிலுக்கு மேலே ஏறி வளைந்து பின்னால் போகலாம், அல்லது பின் சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் வெளியே விட்டுவிடலாம், வேலை சுலபம். அப்புறம் கிளாம்ப்பா, வெல்டிங்கா. மிளகாய் வாங்கப் போனால்கூட இப்படிக் கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பதில்தான் அவனிடம் இருக்கிறது: சத்தம் வரக்கூடாது. அதைச் சொன்னான். பாய் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்துத் தலையாட்டினார். எல்லோரும் இப்படித்தான் இப்போதெல்லாம் அவனைக் கூர்ந்து பார்க்கிறார்கள், அல்லது அவனுக்கு அப்படித் தோன்றுகிறது. முகமூடி போட்ட அந்த இரண்டு வருஷத்தில்தான் இது ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது, அதற்கு முன்பே இருந்திருக்கும், ஊரே வாயை மூடியபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. மருந்துக்கடையில் நின்று, நீலத் துணிக்கு மேலே இரண்டு கண் மட்டும் அவனிடம் எதையோ கேட்கிறது, திரும்பக் கேட்கிறது, வரிசையில் பின்னால் நிற்பவர்கள் நெளிகிறார்கள், அவன் ஆமாம் என்கிறான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பட்டை மாத்திரைக்குப் பதில் பத்துப் பட்டை. இதுவரைக்கும் காதால் கேட்டுக்கொண்டிருந்ததாக நினைத்ததெல்லாம் கண்ணால் பார்த்ததுதானா என்று அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தான். யோசித்து யாரிடமும் சொல்லவில்லை.

பாய் ஜாக்கி போட்டு, அட்டையை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்துவிட்டார். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும், சைலன்சர்க்காரன் அடியில் போகாமல் கூரையிலா ஏறுவான், ஆனாலும் மீசையைப் பார்த்துப் பார்த்துக் கடை பிடித்தவனுக்கு இது தோன்றவில்லை. வெளியே இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, ஒரு செருப்பின் வார் பிய்ந்து கம்பி கட்டியிருந்தது. அடியிலிருந்து பேச்சு வந்துகொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் கால் விரல்கள் பேசுகிறவனின் கால் விரல்கள் மாதிரி அசைந்தன. ஏதோ ஒரு கனமான முனகல், கடைசியில் கொஞ்சம் தூக்கி நிற்கிறது, ஆகவே கேள்வி. "சரிங்க பாய்," என்றான். மறுபடி முனகல். "ஆமாங்க, சரி." காலைப் பார்த்துக்கொண்டே எத்தனை சரி சொன்னானோ. மில்லில் இந்தத் தொந்தரவே கிடையாது. அங்கே யாரும் யாருக்கும் முதுகைக் காட்டிப் பேசுவதில்லை. ஆயிரம் ஸ்பிண்டில் சுற்றுகிற இடத்தில் தொண்டையைக் கிழித்துக் கத்துகிறவன் புது ஆள் என்று அர்த்தம். பழைய ஆட்கள் உதட்டைத்தான் அசைப்பார்கள், அகலமாக, நிதானமாக, ஒரு ஃப்ரேமுக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கத்துக்கு வம்பு, வசவு, சம்பந்தம் பேசுவது எல்லாம் சத்தமில்லாமலே நடக்கும். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் வாரம் இதுதான் பாடம்: கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு பேசு, விரலுக்கடியில் அதிர்ந்தால் மூச்சை வீணாக்குகிறாய், அதிராமல் பேசப் பழகு. வசந்தாமணி அப்படி வந்தவள்தான். பதினான்காம் நம்பர் ஃப்ரேமில் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி நின்றவள், மூன்றாம் நாளே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடியில் நின்ற அவனைப் பார்த்து, அவ்வளவு பேர் நடுவில் யாருக்கும் கேட்காமல் அவனுக்கு மட்டும் சொன்னாள்: பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க. குனிந்து பார்த்தால் மேல் பொத்தான் இரண்டாவது காஜாவில், சட்டையே ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிக் கிடந்தது. அவசரமாகத் திரும்பிக்கொண்டு மாற்றிப் போட்டபோது முதுகில் அவள் சிரிப்பது தெரிந்தது. அந்தச் சிரிப்புக்கும் சத்தமில்லை. கல்யாணமாகி மகன் பிறந்ததும் அவள் வேலையை விட்டுவிட்டாள், வீட்டில் சத்தம் போட்டே பேசினாள், வீட்டில் எதற்கு உதட்டுப் பேச்சு. அவளுக்கு அதெல்லாம் மறந்திருக்கும்.

பாய் வெளியே வந்து சாக்பீஸால் வண்டியின் இடது பக்கத்தில், பின் சக்கரத்துக்கு முன்னால், கோடு கிழித்தார். சிகாமணி கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றான். "இங்க எதுக்குங்க கோடு?" "இங்கதான பைப்ப வெளிய விடறோம். சைடுல." "சைடு வேண்டாம்னுதான..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். வேண்டாம் என்று எப்போது சொன்னான்? மனசுக்குள் சொன்னான். "நீங்கதான சரின்னீங்க," என்றார் பாய், கொஞ்சம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. அவன் குடியிருக்கிற சந்து ஒரு வண்டி அகலம், இரண்டு பக்கமும் சுவர். பக்கவாட்டில் பைப்பை விட்டால் புகையும் சத்தமும் சுவரில் மோதி நேரே சங்கரலிங்கத்தின் கண்ணாடி அலமாரிக்குப் போகும், இன்னொரு சீட்டு வரும், இந்த முறை போலீஸுக்கு நகல் போகும். முன் சீட்டில் வசந்தாமணி உட்கார்ந்து ஜன்னலை இறக்கினால் முழங்கைக்குக் கீழே புகை. இதையெல்லாம் அவன் நாலு நாளாக யோசித்து, ஒரு காகிதத்தில் படம் போட்டு, அம்புக்குறி எல்லாம் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான், அதை எடுத்துக் காட்ட வேண்டிய நேரத்தில் இரண்டு காலைப் பார்த்துச் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். முட்டாள். காகிதத்தை எடுத்து விரித்தான். வியர்வையில் மடிப்பு ஒட்டியிருந்தது. "பழைய ரூட்டுலயே போகட்டும் பாய். ஆக்ஸிலுக்கு மேல ஏத்தி, பின்னால, பம்பருக்குக் கீழ." பாய் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், அவனையும் பார்த்தார். "இத முதல்லயே காட்டீர்க்கலாமுல்லங்ணா. படம் சூப்பரா போட்டிருக்கீங்க. இஞ்சினியருங்களா?" "மில்லு." "அதான." எதற்கு அதான? அவன் கழுத்துக்குப் பின்னால் சூடு ஏறியது. மில் என்றால் என்ன, மில் என்றால் காது கேட்காது என்று ஊருக்கே தெரியுமா?

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய கொடுமை. ஒவ்வொன்றையும் கிளாம்ப்பில் மாட்டி, இன்ஜினை ஓட்டிக் காட்டுகிறேன், கேட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள் என்றார் பாய். துணிக்கடையில் பட்டுப் புடவையை விரித்துப் போடுகிற மாதிரி அவர் சத்தத்தை விரித்துப் போட்டார், குருடன் புடவை எடுக்க வந்தது மாதிரி இவன் நின்றான். முதல் குழாயை மாட்டி முடுக்கினார். சிகாமணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்தவன் முகத்தை வைத்துக்கொண்டான். உள்ளங்காலில் ஏதோ வந்தது. நெஞ்சுக்கூட்டில் லேசாக ஏதோ. இதுதான் இரண்டு மாசமாக வந்துகொண்டிருந்ததா? இன்ஜின் மவுண்டிங் போயிருக்கிறது என்றல்லவா நினைத்தான். கூட வருகிற ஐந்து பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, தூங்கிக்கொண்டுதானே வந்தார்கள், சொல்வதற்கு அவர்கள் யார், அவர்களும் ரிங் ஃப்ரேம்காரர்கள், சத்தம் நின்றால்தான் அவர்களுக்கு முழிப்பு வரும். பாய் அணைத்தார், வேறு மாட்டினார், முடுக்கினார். அதுவும் இடி, கொஞ்சம் தள்ளிப் போன இடி, அல்லது அப்படி இருக்க வேண்டும் என்று அவன் நினைத்ததால் தள்ளிப் போனது. மூன்றாவது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம், யாராவது ஒருத்தர் ரோட்டில் போகிறவர் நின்று சொல்லக்கூடாதா. "எப்படீங்ணா? வித்தியாசம் தெரிஞ்சுதுங்களா?" "தெரியாம என்னங்க." "எது போடட்டும்?" இப்போது சொல்லியாக வேண்டும். நடுவில் கை வைத்தால் தப்பு வராது என்று நினைப்பவர்கள் உண்டு, பரீட்சையில் அவன் அப்படித்தான் தோற்றான், ஆகவே இந்த முறை ஓரத்தில் கை வைத்தான். "அந்த மொதல்ல போட்டதே நல்லாருந்துச்சுங்க. அமைதியா." பாய் கழற்றி வைத்த குழாயைக் காட்டினார். "அது நேர்க்குழாயிங்ணா. காலேஜுப் பசங்க போடறது. அமைதியாங்கறீங்க?" "சும்மா," என்றான் சிகாமணி, "உங்களைச் சோதிச்சுப் பாத்தேன்." சிரித்தான். சிரிப்பு முகத்தில் ஒட்டாமல் நழுவியது. இந்தக் கடை, இந்தக் குழாய், அந்தக் கண்ணாடி அலமாரி, இந்த வண்டியை வாங்கித் தொலைத்த தன் புத்தி, எல்லாவற்றின் மேலும் ஒரே சமயத்தில் ஆத்திரம் வந்தது. பேருந்தில் போயிருந்தால் இப்படிச் செத்துப் பிழைக்க வேண்டுமா.

பாயும் சிரித்தார். கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, எதிர்ச் சாரியில் டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த செம்பட்டை நாயைக் காட்டினார். "உங்களக் கேட்டு என்னங்ணா பிரயோசனம், என்னையக் கேட்டும் பிரயோசனம் இல்ல. அங்க பாருங்க, நம்ம ஜட்ஜய்யா. நேர்க்குழாய் போட்டப்ப எந்திரிச்சு அந்தச் சந்துக்குள்ள போயிருச்சு, இப்பத்தான் வந்து படுத்துது. லோக்கல் பெட்டின்னா தலையத் தூக்கும். தலையே தூக்கலைன்னா அதுதான் தீர்ப்பு. எனக்குக் காது போய்ப் பத்து வருசம் ஆச்சுங்ணா. கிரைண்டரும் சுத்தியலும். இந்தப் பக்கம் சுத்தமா இல்ல, அந்தப் பக்கம் கொஞ்சம் இருக்குது. வர்றவங்க வாயப் பாத்துத்தான் யாவாரம்." அதைச் சொன்ன விதம்! டீக்குச் சர்க்கரை வேண்டாம், எனக்குச் சுகர் என்று சொல்வதுபோல. சொல்லிவிட்டு, "அப்புறம் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றார். "உங்க மீசையக் கொஞ்சம் வெட்டுனீங்கன்னா புண்ணியமாப் போவுங்ணா. காலைல இருந்து நீங்க என்ன சொல்றீங்கன்னே பாதி புரியல. அடியில படுத்துட்டுக் கேட்டேன் பாருங்க, நீங்க சரின்னீங்களோ வேண்டாம்னீங்களோ, நானாத்தான் கோடு போட்டேன்." சிகாமணியின் கை தானாக மீசைக்குப் போனது. எனக்குந்தானுங்க பாய், என்று ஒரு வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்தது. இதைவிட நல்ல இடம், நல்ல ஆள், நல்ல நேரம் இனிமேல் எப்போது வரப்போகிறது, இவரிடம் சொன்னால் வசந்தாமணிக்கா போகும், மில்லுக்கா போகும். "அப்படீங்களா," என்றான். "பாவமே." தன் வாயால் தன்னையே பாவம் சொல்லிவிட்டு நின்றான்.

இரட்டைப் பெட்டியை மாட்டினார்கள், முன்னால் சின்னது, பின்னால் பெரியது, பைப் ஆக்ஸிலுக்கு மேல் ஏறி அவன் படத்தில் போட்டிருந்த அம்புக்குறி மாதிரியே வளைந்து பம்பருக்குக் கீழே எட்டிப் பார்த்தது. பாய் முடுக்கினார். இருவரும் ரோட்டோரமாக நின்று நாயைப் பார்த்தார்கள். ஒரு லாரி போனது, மறைத்தது, விலகியது. நாய் வாலைக்கூட அசைக்கவில்லை. பாய் திரும்பப் போய் இன்னும் ஏற்றி முடுக்கினார். ஒரு காது மட்டும் ஈயை விரட்டுகிற மாதிரி ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. "ஈயிதான்," என்றார் பாய். அப்போதுதான், ஏன் அப்போது என்று தெரியாது, அவனுக்குக் காப்பி ஞாபகம் வந்தது. இரண்டு மாசமாக அவன் படியேறும்போதே காப்பி ஆற்றித் தயாராக இருக்கிறது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை, நுரை அடங்குவதற்குள் கைக்கு வருகிறது. முப்பது வருஷத்தில் இல்லாத வழக்கமாக இது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு ஆச்சரியம். மகன் ஓசூருக்குப் போனபின் வீட்டில் இரண்டே பேர், வயசாக ஆக மனசு இப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது, அவன் எந்தத் தெருவில் வருகிறான் என்பதுகூட அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிடுகிறது என்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஷிப்டில் ஃப்ரேமுக்கு நடுவே நடந்துகொண்டு அதை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறான். தெருமுக்குத் திரும்பும்போதே ஊரே எந்திரிச்சுக்குது. ஊர் எழுந்து அலமாரியைப் பிடித்துக்கொள்ள, அவள் எழுந்து பாலை அடுப்பில் வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். ஓட்டைச் சைலன்சர் போட்ட காப்பி. "என்னங்ணா, வெல்டிங் வெச்சுரட்டுங்களா?" என்றது பாயின் உதடு. வெச்சிருங்க, என்றான், மீசையை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு.

புது சைலன்சரோடு வண்டி ஓட்டுவது காலில் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி இருந்தது. உள்ளங்காலில் வந்துகொண்டிருந்த அதிர்வு போய்விட்டது, ஆகவே வண்டி ஓடுகிறதா இல்லையா என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. டவுன்ஹால் சிக்னலில் நின்றபோது இன்ஜின் அணைந்துவிட்டதாக நினைத்துச் சாவியைத் திருகினான், ஓடுகிற இன்ஜினில் ஸ்டார்ட்டர் என்ன கத்தல் கத்தியதோ, பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி முகத்தைச் சுளித்தார். அதற்குப் பிறகு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். சந்துக்குள் திரும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். மேல் வீட்டு ஜன்னலில் சங்கரலிங்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ஜட்ஜய்யாவுக்கு அடுத்தபடியாக இவர் தீர்ப்பும் வந்துவிட்டது என்று இறங்கினால் கேட் உள்ளே தாழிட்டிருந்தது, கதவு சாத்தியிருந்தது, காப்பி மணம் இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். இதற்குத்தானே இவ்வளவு பாடு. அவன் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. சந்தோஷம் வராமல் ஏதோ தெரியாத வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி நின்று பெல்லை அழுத்தினான். அழுத்தினால் அடிக்கிறதா? கரண்ட் இருக்கிறதா? சுவிட்ச் பழுதா? காத்திருந்து மறுபடி அழுத்தினான். மறுபடி. விரலில் ஒன்றும் வரவில்லை, இந்த பெல் ஸ்பிண்டில் மாதிரி விரலிடம் பேசுகிற சாதி இல்லை. கதவு திறந்தது. "ஏனுங்க, ஒம்போது வாட்டியா அடிப்பாங்க? வர்றேன் வர்றேன்னு உள்ள இருந்து கத்தீட்டே வர்றேன்," என்றாள் வசந்தாமணி. கேட்டைத் திறந்துவிட்டு வண்டியைப் பார்த்தாள். "வண்டி வந்ததே தெரியலீங்க. காப்பி கூட வெக்கல. நல்ல பெட்டியாத்தான் போட்டிருக்காங்க." "நாந்தான் கேட்டுப் பாத்து எடுத்தேன்," என்றான். "நாலு விதம் போட்டுக் காட்டுனாங்க. இதுதான் சத்தம் கம்மி." அவள் மறுபடி அந்தப் பார்வை பார்த்தாள். முன்னால் நடந்து உள்ளே போனாள்.

அவன் குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். அவள் கூடத்தின் அந்தக் கோடியில், சமையலறை வாசலில் திரும்பி நின்றிருந்தாள். பின் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் விழுந்திருந்தது. ஒரு ஃப்ரேம் நீளம் இருக்கும் அவளுக்கும் அவனுக்கும். "பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க," என்றாள். அவன் குனிந்து பார்த்தான். மேலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தான், முதல் பொத்தான் முதல் காஜா, இரண்டு, மூன்று, கடைசி வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. என்ன இவள் என்று எரிச்சலாக நிமிர்ந்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் வலது கை கழுத்தில் இருந்தது. நாலு விரலும் தொண்டையில் படிந்து, அதிர்கிறதா என்று பார்க்கிற மாதிரி, பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி. முப்பது வருஷத்துக்கு முந்தைய கை. விரல்களுக்கடியில் ஒன்றும் அசைந்திருக்காது என்று அவனுக்குத் தெரிந்தது, அவள் ஒரு சத்தமும் போடவில்லை என்று தெரிந்தது, அதற்கு அவன் குனிந்து பார்த்துவிட்டான் என்பதும். தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம். நீ எதையோ சொன்ன மாதிரி இருந்துச்சு என்று சொல்லலாம். வாய் தேடிப் பார்த்தது, இந்த முறை அதற்கு ஒன்றும் அகப்படவில்லை. "எப்ப இருந்து?" என்றாள், கழுத்திலிருந்து கையை எடுக்காமல். அவன் மீசைமேல் போன கையைக் கீழே இறக்கித் தன் கழுத்தில் வைத்துக்கொண்டான். மாஸ்க் போட்ட வருசத்துல இருந்து, என்றான். விரலுக்கடியில் ஒன்றும் அதிரவில்லை. அந்த மீசைக்குள்ளிருந்து அவன் பேசியதை எல்லாம் படித்தே பழகியவள், திரும்பக் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கே வந்து, வெளிச்சம் படும்படி நின்றுகொண்டு, ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து அவனைத் திட்ட ஆரம்பித்தாள். மேல் வீட்டுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. பால் பொங்குகிறவரைக்கும் அவள் திட்டியதில் ஒரு சொல்கூட அவனுக்குத் தப்பவில்லை.